செவ்வாய்க்கிழமைக் குழு

உங்க அம்மாவா தம்பி? இப்ப நர்ஸம்மா உள்ள கூட்டிட்டுப் போனாங்களே, அரக்குக் கலர் புடவை... அம்மாதானா? நெனச்சேன். ஜாடை அப்படியே இருக்கு. ஏன் நிக்கிறீங்க, உட்காருங்க. உள்ள போனா லேசுல விடமாட்டாங்க. கடிகாரம் வரையச் சொல்வாங்க, இன்னிக்கு என்ன கிழமைம்பாங்க. எனக்கே சில நாள் கிழமை தெரியறதில்ல, அந்தம்மா என்ன சொல்லும் பாவம்.

அந்த மருந்துச் சீட்டைக் கொஞ்சம் காட்டறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க. நான் ரெவின்யூல இருந்தவன், தாசில்தாரா ரிட்டயர் ஆனேன். யார் கையில தாளைப் பார்த்தாலும் வாங்கிப் படிச்சுடறது ஒரு வியாதி. ம். இதே மாத்திரைதான். இவளுக்கும் இதே மாத்திரைதான். கீழ டாக்டர் என்ன கிறுக்கியிருக்கார்... ‘குரூப்’. பார்த்தீங்களா, எழுதிட்டார்! செவ்வாய்க்கிழமை பின்பக்க ஹால்ல குழு இருக்கு, மறதி வந்த இவங்களை மாதிரி ஆளுங்களை வட்டமா உட்கார வெச்சுப் பழசையெல்லாம் பேச வைப்போம், மூளைக்கு நல்லதுன்னு சொல்லியிருப்பாரே? சொன்னாரா. அதான். அதைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும்.

இவ என் வீட்டுக்காரி. மங்கையர்க்கரசி. இல்ல இல்ல, மெதுவா எல்லாம் பேச வேணாம், சாதாரணமாவே பேசுங்க. இவளுக்கு ஒண்ணும் விளங்காது. அந்தச் சுவத்தைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பா. பின்னல் எப்படி இருக்கு பாருங்க. நான் போட்டது. எழுவது வயசுக்கு மேல யூடியூப் பார்த்துப் பின்னல் போடக் கத்துக்கிட்டவன் இந்தத் திருச்சி ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். குளிப்பாட்டறது நான்தான். சோறு ஊட்டறது நான்தான். ஆள் வைக்கச் சொல்றா பொண்ணு, பெங்களூர்ல இருக்கா, எழிலரசின்னு பேர். ஆள் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?

ஆரம்பிச்சது எப்படின்னா, ஒரு நாள் காலையில மார்க்கெட் போயிட்டு வந்து பெல் அடிக்கிறேன். கதவைத் திறந்தா. என்னை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தா. “அவர் ஆபீஸ் போயிருக்காருங்க, சாயங்காலமா வாங்க”ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டா. கீரைக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு என் வீட்டு வாசல்ல நானே மனுதாரன் மாதிரி நிக்கிறேன். எதிர்வீட்டுக்காரன் ஸ்கூட்டர் துடைக்கிறதை நிறுத்திட்டுப் பார்க்கிறான். அவ சொன்னதுல பாருங்க, மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வர்றவங்ககிட்ட அப்படித்தான் பேசணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அப்புறம் பேச்சு குறைய ஆரம்பிச்சுது. முன்னாடியும் அதிகம் பேசமாட்டா, அது அவ சுபாவம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கிடையாது தம்பி. எந்த ஊர் குவார்ட்டர்ஸ்ல வேணா போய்க் கேளுங்க, சொல்வாங்க. எங்க வீட்டுல ஒரு ஆள் குரல்தான் கேட்கும், என் குரல். அவ கேட்டுக்குவா. அப்படி ஒரு ஒத்துமை எங்களுக்குள்ள. அதனால அவ பேச்சு குறைஞ்சதை நானே கொஞ்ச நாள் கவனிக்கல, பொண்ணு லீவுக்கு வந்தப்பதான் சொன்னா, “அப்பா, அம்மா பேசவே மாட்டேங்கறாங்க, நீங்க பார்க்கலையா”ன்னு.

சரின்னு இந்த டாக்டர்கிட்ட வந்தோம். மாத்திரை எழுதினார். குழுவையும் எழுதினார். எனக்கு அப்பவே பிடிக்கல. பழசைப் பேசறதுக்கு எதுக்கு ஒரு குழு? என்கிட்ட பேசட்டுமே, எனக்கு எல்லாம் தேதி வாரியா ஞாபகம் இருக்கு. ஆனா எழில் விடல. போனுக்கு மேல போன். சரி போய்த் தொலையட்டும்னு கூட்டிட்டு வந்தேன்.

அந்தக் குழுவை நடத்தறது செலின்னு ஒரு பொண்ணு. டாக்டர் இல்ல, சைக்காலஜி படிச்சது. நாகர்கோவில் பக்கம். சிரிச்ச முகம், குறை சொல்லக் கூடாது. வாரம் ஒரு விஷயம் எடுத்துக்கும். பள்ளிக்கூடம், சந்தை, தீபாவளி, சினிமாக் கொட்டகைன்னு. அதுக்குத் தக்க மாதிரி ஏதாவது சாமான் கொண்டுவந்து நடுவுல வைக்கும். ஒரு நாள் சிலேட்டு, ஒரு நாள் சீயக்காய்ப் பொடி. மோந்து பாருங்கம்மா, தொட்டுப் பாருங்கய்யாங்கும். அவங்க மோந்து பார்ப்பாங்க, தொட்டுப் பார்ப்பாங்க, யாராவது ஒருத்தருக்கு வாய் திறக்கும். கூட வந்தவங்க நாங்க பக்கத்துல உட்கார்ந்திருப்போம்.

அதுல பாலக்கரைக்காரர் ஒருத்தர், பொன்னுசாமின்னு. பள்ளிக்கூடத்துப் பேச்சு வந்தப்ப, “நான் மலைக்கோட்டைலேருந்து ட்ராம்ல ஏறித்தான் ஸ்கூலுக்குப் போவேன், கண்டக்டர் என்னைப் பார்த்தா நிறுத்திடுவான்”னார். திருச்சியில எப்பங்க ட்ராம் ஓடிச்சு? மெட்ராஸ்ல ஓடிச்சு. இங்க ஏது? நான் சொன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். “ஐயா, இந்த ஊர்ல ட்ராமே கிடையாது, நீங்க வேற எதையோ நெனச்சுக்கிட்டுப் பேசறீங்க”ன்னேன். மனுஷன் என்னைப் பார்த்தார், செலினைப் பார்த்தார், வாயை மூடிக்கிட்டார். அன்னிக்கு முழுக்க திறக்கல. அதுக்கு நான் என்ன பண்றது? இல்லாத ட்ராம்ல ஏத்தி விடவா?

செலின் என்னைத் தனியாக் கூப்பிட்டுச்சு. “சார், இங்க சரி தப்பு கிடையாது. திருத்தாதீங்க. அவங்க பேசறதுதான் முக்கியம்.”

சரி தப்பு கிடையாதாம். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி எப்படிப்பட்டது தெரியுமா? ஒருத்தன் இன்னாருக்குப் பிள்ளைங்கறதே நான் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். என்கிட்ட வந்து சரி தப்பு கிடையாதுன்னா? இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன். என் நாற்காலியை எடுத்து ஜன்னலோரமாப் போட்டுட்டாங்க, வட்டத்துக்கு வெளிய. அதையும் பொறுத்துக்கிட்டேன்.

இவ வட்டத்துல உட்கார்ந்திருப்பா, இப்ப உட்கார்ந்திருக்காளே, இதே மாதிரி. சீயக்காயை மோந்து பார்த்தா, வெச்சுட்டா. சிலேட்டைத் தொட்டா, வெச்சுட்டா. எனக்கு உள்ளூரத் திருப்தி. நான்தான் சொன்னேனே, இவ பேசற ஆள் கிடையாதுன்னு.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு ஒரு பழைய டெலிபோன் கொண்டுவந்துச்சு. கறுப்பு. விரலை விட்டுச் சுத்தற ரகம். கையில கொடுத்ததுதான் தாமதம், இவ முதுகு நிமிர்ந்தது பாருங்க. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினா. ரிசீவரைக் காதுல வெச்சுக்கிட்டு, “நம்பர் ப்ளீஸ்”ன்னா.

அந்தக் குரல் தம்பி. நான் அதை எப்படிச் சொல்றது. சின்ன வயசுக் குரல். கணீர்னு. ஒரு பயமும் இல்லாத குரல். “நம்பர் ப்ளீஸ்... லைன்ல இருங்க, தர்றேன்... தஞ்சாவூர் கால், பேசுங்க...” எதிர்ல ஜைத்தூன் பீவின்னு ஒரு அம்மா, தென்னூர்ல இருந்து வருவாங்க. அந்தம்மா சட்டுன்னு கையைக் காதுல வெச்சுக்கிட்டு, “ஏம்மா, நாகூருக்கு ஒரு கால் போடு”ன்னாங்க. “ஆர்டினரியா, அர்ஜென்ட்டா?”ன்னு கேட்டா இவ. அர்ஜென்ட்டுன்னா அப்பல்லாம் காசு கூட, லைன் சீக்கிரம் கிடைக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன். பொய் சொல்லக் கூடாது, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

கல்யாணத்துக்கு முன்னாடி மன்னார்குடி எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்தா. காதுல ஒரு கருவியை மாட்டிக்கிட்டு, ஒயரை இங்கேருந்து பிடுங்கி அங்க சொருகி லைன் கொடுக்கிற வேலை. கல்யாணமான கையோட விட்டுட்டா. நான் விடச் சொல்லல. அதை மட்டும் நல்லாக் கேட்டுக்குங்க, ஏன்னா என் பொண்ணு வேற மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியறா. “உன் இஷ்டம்”னுதான் சொன்னேன். கண்ட நேரத்துல ஷிப்டு, கண்டவன்கிட்ட ஹலோ ஹலோன்னு பேச்சு, நாளைக்கு நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆவேன், தாசில்தார் ஆவேன், நல்லா இருக்குமான்னு யோசிச்சுக்கோ, ஆனா உன் இஷ்டம்னேன். அவ ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா சம்மதம்னுதானே அர்த்தம்? ராஜினாமாவைக்கூட நானே டைப் அடிச்சு, நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன். அவளை அலைய விடல.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் எழிலுக்குப் போன் பண்ணி, அம்மா பேசிட்டான்னு சொன்னேன். அவ அழுதா. போனை இவ காதுல வெச்சு, “பேசு, எழில் பேசறா, பேசு”ன்னேன். பேசல. “அங்க பேசினியே, இங்க பேசு”ன்னேன். ம்ஹூம். என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தா. அப்புறம் மெதுவா, “சார், ரிலீவர் வந்தாச்சா?”ன்னு கேட்டா. ஷிப்டு மாத்திவிட வர்ற ஆளைக் கேக்கறா.

சார்ங்கறா என்னை.

அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமை வந்தா அவளே எழுந்துடுவா. மத்த நாள் எழுப்பி உட்கார வைக்கணும். செவ்வாய்க்கிழமைன்னு அவளுக்கு யார் சொன்னதோ தெரியாது, செருப்பைப் போட்டுக்கிட்டுக் கதவுகிட்ட நிப்பா. இங்க வந்தா நேரா அந்த ஜைத்தூன் பீவி பக்கத்துல போய் உட்கார்ந்துக்குவா. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்குவாங்க. அந்தம்மாவுக்கு இவ பேர் தெரியாது, இவளுக்கு அந்தம்மா பேர் தெரியாது. ஆனா பேச்சு... அப்படி ஒரு பேச்சு. பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி ஒருத்தி புருஷன்கிட்ட பேச வாரா வாரம் எக்ஸ்சேஞ்சுக்கு வருவாளாம், மூணு நிமிஷம் ஆனா லைனைக் கட் பண்ணணுமாம், இவ கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துக்குவாளாம். “நான் பார்க்கல, அதனால ஆகல”ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறா. ரூல்ஸை மீறின கதை தம்பி, அதைப் பெருமையா! நான் அவளைத் திருத்தல. செலின் சொல்லிடுச்சே, திருத்தக் கூடாதுன்னு. ஜன்னலோரமா உட்கார்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்டேன்.

இவளுக்குச் சிரிக்க வைக்கத் தெரியும்னு எனக்குத் தெரியாது. எத்தனை வருஷம் ஒரே வீட்டுல. ஒரு நாள் ஒரு ஜோக் சொன்னதில்ல.

அப்புறம் அந்த நாள். அன்னிக்கு விஷயம் ‘நீங்க பார்த்த வேலை’. பொன்னுசாமி ஏதோ சொன்னார், ஜைத்தூன் பீவி பீடி சுத்தினதைச் சொன்னாங்க. செலின் இவகிட்ட, “மங்கைம்மா, எக்ஸ்சேஞ்சுல யாராவது உங்களைத் திட்டுவாங்களா?”ன்னு கேட்டுச்சு.

“திட்டாம? ஒருத்தன் இருந்தான்”ன்னா.

“யாரு?”

“அர்ஜென்ட்டு.”

“அது என்னம்மா பேரு?”

“நாங்க வெச்ச பேரு. புக் பண்றது ஆர்டினரி, கத்தறது அர்ஜென்ட்டு. போனை எடுத்தாலே...” அப்படின்னுட்டு இவ நாற்காலியில நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுக் குரலைக் கனமா ஆக்கி, “தாசில்தார் ஆபீஸ் பேசறேன்! தாசில்தார் ஆபீஸ்! யாரும்மா போர்டுல? தூங்கிட்டியா?”ன்னா. “நாங்களும் தாசில்தாரே பேசறார்னு முதல்ல பயந்தோம். அப்புறம் எங்ககூட போர்டுல இருந்த கமலா போய் விசாரிச்சுட்டு வந்தா. அவன் அங்க குமாஸ்தாவாம்! மேல சுத்தற காத்தாடிக்குக் கீழகூட மேஜை கிடையாதாம்!”

வட்டமே குலுங்கிப் போச்சு. ஜைத்தூன் பீவிக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிடுச்சு. நானும் சிரிச்சேன் தம்பி. ஆபீஸ்ல இப்படி அலட்டறவன் ஒருத்தன் எப்பவும் இருப்பான், எனக்குக் கீழயே எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். யாரோ ஒருத்தன்னு நெனச்சு நல்லாச் சிரிச்சேன்.

“அப்புறம் என்னாச்சு அந்த ஆளு?”ன்னு கேட்டுச்சு செலின்.

இவ சிரிப்பை நிறுத்திட்டா. மடியில இருந்த டெலிபோன் ஒயரை விரல்ல சுத்திக்கிட்டே, “அவனுக்கே என்னைக் கட்டி வெச்சுட்டாங்க”ன்னா.

 ஜன்னல் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கல. நான்தான் எழுந்தேன். எழுந்து சொன்னேன், “அது தப்பு. நான் அப்பவே டெஸ்ட் பாஸ் பண்ணி ப்ரமோஷனுக்குக் காத்திருந்தவன். என் மேஜை தாசில்தார் ரூமுக்கு அடுத்த மேஜை. காத்தாடிக்கு நேர் கீழ. கமலான்னு யாரோ சொன்னதை வெச்சு...” இவ பக்கம் திரும்பினேன். “உன்னை நான் என்னிக்காவது ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருக்கேனா? சொல்லு. இத்தனை பேர் முன்னாடி சொல்லு!”

இவ டெலிபோனைக் காதுல வெச்சா. நல்ல பதவிசா, “கத்தாதீங்க சார். லைன் பிஸி. உங்க கால் வரும், காத்திருங்க”ன்னா.

மறுபடி சிரிப்பு. அந்தப் பொன்னுசாமி, ட்ராம்ல போனவர், தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார்.

செலின் என் கையைப் பிடிச்சு வராந்தாவுக்குக் கூட்டிட்டு வந்துச்சு. “சார், தண்ணி குடிங்க. அவங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க பாருங்க”ன்னுச்சு.

“என்னைக் கேலி பண்ணித்தானே?”ன்னேன்.

“அது நீங்கதான்னு அங்க யாருக்கும் தெரியாது சார். நீங்க எழுந்து சொன்னப்பறம்தான் தெரிஞ்சுது.”

எப்படி இருக்கு பதில்? படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது? அன்னிக்கே இவளைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டேன். டெலிபோனை மடியிலேருந்து எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. அடுத்த வாரத்துலேருந்து அனுப்பல.

நீங்களே சொல்லுங்க. அது வைத்தியமா? மனுஷனோட ஞாபகத்துல நல்லதும் இருக்கும், கெட்டதும் இருக்கும். பாபநாசத்துல இவளுக்கு டைபாய்டு வந்தப்ப லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன், அது ஞாபகம் இல்ல. ராமேஸ்வரம், மைசூர்னு கூட்டிட்டுப் போனேன், அது ஞாபகம் இல்ல. வீடு கட்டி இவ பேரை வாசல்ல பொறிச்சேன், அது இல்ல. எவளோ கமலா சொன்ன காத்தாடி மட்டும் ஞாபகம் இருக்கு. கெட்டதைத் தோண்டி எடுக்கறாங்க தம்பி. அதுதான் அங்க நடக்குது.

எழில் போன்ல சண்டை போட்டா. “அப்பா, அம்மா இந்த உலகத்துல பேசற ஒரே இடம் அது, அதையும் விடவெச்சுட்டீங்களே”ன்னா. அதையும்னா என்ன அர்த்தம்னு கேட்டேன். போனை வெச்சுட்டா.

இவ அடுத்த செவ்வாய்க்கிழமையும் செருப்பைப் போட்டுக்கிட்டுக் கதவுகிட்ட நின்னா. கையைப் பிடிச்சு உட்கார வெச்சேன். திரும்ப எழுந்து போய் நின்னா. அழல, ஆர்ப்பாட்டம் பண்ணல. நிக்கிறா. வெயில் ஏறி, ஜன்னல் வழியா முகத்துல அடிக்கிற வரைக்கும் நிக்கிறா. எனக்கு மட்டும் மனசு இல்லையா? இவ கால் வலிக்குமேன்னுதான் செருப்பைப் பரண்ல தூக்கி வெச்சேன். அதுக்கப்புறம் வெறுங்காலோட நின்னா கொஞ்ச வாரம். அப்புறம் நிக்கறது தானா நின்னுபோச்சு.

ஒரு நாள் அந்த ஜைத்தூன் பீவியைக் கூட்டிக்கிட்டு செலின் வீட்டுக்கே வந்துடுச்சு. வந்தவங்களை விரட்ட முடியுமா? உட்காருங்கன்னேன். “அவங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டுமே சார்”ன்னுச்சு. என் வீட்டு ஹால்ல என்னை எழுந்து போங்கறாங்க. சரின்னு டீ போடப் போனேன். அடுப்புகிட்ட நிக்கிறேன், உள்ளேருந்து சிரிப்புச் சத்தம். இவ சிரிப்பு. எங்க வீட்டுல அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல. பால் பொங்கி வழிஞ்சது தெரியல எனக்கு.

டீத் தட்டோட ஹாலுக்கு வந்தேன். சிரிப்பு நின்னுடுச்சு.  ஏன், நான் என்ன புலியா? நானும்தான் சிரிப்பேன். என்ன விஷயம்னு என்கிட்ட சொன்னா நானும் சிரிக்கமாட்டேனா? “என்ன பேசிக்கிட்டிருந்தீங்க?”ன்னு கேட்டேன். ஜைத்தூன் பீவி முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டாங்க. இவ சுவத்தைப் பார்க்க ஆரம்பிச்சுட்டா.

அவங்க கிளம்பறப்ப இவளும் பின்னாலயே போறா. கேட் வரைக்கும் போயிட்டா. வெறுங்கால். அந்தம்மாவோட முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு, “என்னையும் கூட்டிட்டுப் போங்க, எனக்கு டூட்டி இருக்கு”ன்னு சொல்றா. நான் போய்க் கையைப் பிடிச்சேன். தட்டிவிட்டா. தம்பி, இத்தனை வருஷத்துல முதல் தடவை. என் கையைத் தட்டிவிட்டா. தெருவே பார்க்குது.

நான் ஒண்ணும் பண்ணல. உள்ள கூட்டிட்டு வந்து, கேட்டைப் பூட்டினேன். செலினுக்குப் போன் பண்ணி, இனி இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.  “சரி சார்”னு மட்டும் சொல்லிட்டு அழுதுச்சு. எதுக்கு அழணும்? அதுக்கு என்ன நஷ்டம்?

அன்னிக்கு நின்ன பேச்சுதான். அதுக்கப்புறம் ஒரு சொல் இல்ல. சார்னுகூடச் சொல்றதில்ல. டாக்டர் என்ன சொல்றார்னா, வியாதி முத்திடுச்சுங்கறார், குழுவுல தொடர்ந்து இருந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் பேசியிருப்பாங்கங்கறார். கொஞ்ச நாள் பேசி? என்னத்தைப் பேசி? நான் கேட்டேன், அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆனா நான் விடல. குழு இல்லன்னா என்ன, நான் இருக்கேன்ல. தினம் டிபன் ஆனதும் கல்யாண ஆல்பத்தை எடுத்து இவ எதிர்ல உட்கார்ந்துடுவேன். முறையா, வரிசையா. “இது யாரு? எங்க அப்பா. சொல்லு. இது யாரு? உங்க மாமா. சொல்லு. இது எந்த ஊர்? இது யாரு மாலையோட நிக்கிறது? நான். சொல்லு, நான் யாரு?” இவ கண்ணை மூடிக்குவா. இவ திறக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருப்பேன். திறந்ததும் மறுபடி முதல் பக்கத்துலேருந்து. எனக்குப் பொறுமை உண்டு தம்பி. ஒரு நாள் சொல்லுவா. சரியான பதில் ஒண்ணு வந்துட்டாப் போதும், மத்தது தானா வரும்.

செவ்வாய்க்கிழமையில நான் இந்தப் பக்கமே வர்றதில்ல. டாக்டர் ஊர்ல இல்லன்னு தேதியை மாத்திக் கொடுத்துட்டாங்க, அதான் இன்னிக்கு வரவேண்டியதாப் போச்சு. கேக்குதா பின்னால? கைதட்டல். ஆரம்பிச்சுட்டாங்க. அதனாலதான் சொல்றேன், சேர்க்காதீங்க. உங்க அம்மா வீட்டுலயே இருக்கட்டும். என்ன பேசணுமோ நீங்களே எடுத்துச் சொல்லுங்க. வெளி ஆளுங்ககிட்ட விட்டா, உங்க அம்மா உங்க அப்பாவைப் பத்தி என்ன சொல்வாங்களோ, உங்களைப் பத்தி என்ன சொல்வாங்களோ. எதுக்கு அது?

ஓ, அம்மா வந்துட்டாங்களா. வணக்கம்மா. வாங்க, இப்படி உட்காருங்க. இல்லையா? எங்க தம்பி கூட்டிட்டுப் போறீங்க? ஹாலுக்கா? இவ்வளவு சொல்லியுமா? சும்மா பார்த்துட்டு வரவா? எல்லாரும் சும்மா பார்க்கத்தான் போறாங்க. சரி. உங்க அம்மா, உங்க இஷ்டம்.

இவ எங்க எந்திரிக்கிறா? மங்கை! ஏன் அந்தம்மா கையைப் பிடிக்கிறே? அம்மா, நீங்களும் இவ கையை விட்டுடுங்க... பரவாயில்ல தம்பி, ஒண்ணும் பண்ணமாட்டா, சும்மா பிடிப்பா. விடு மங்கை. என்ன, ஏதோ சொன்னாளா? அம்மா காதுல ஏதோ சொன்ன மாதிரி இருந்துதே. என்ன சொன்னாம்மா? உங்களுக்குக் கேட்டுதா? தம்பி, உங்களுக்கு? என்ன சொன்னா?

சரி, விடுங்க. மங்கை, உட்காரு. நம்ம டோக்கனைக் கூப்பிடப் போறாங்க. உட்காருன்னு சொல்றேன்ல.

ம்.

பார்த்தீங்களா, உட்கார்ந்துட்டா. சொன்னா கேட்டுக்குவா. நீங்க போங்க தம்பி.